நனைந்த கல்

மழை வராமல் போன ஒரு காட்டில், ஒரே ஒரு குளம் மிஞ்சியிருந்தது. அதன் கீழ்க்கரை விலங்குகளுக்கும் மேல்கரை விலங்குகளுக்கும் ஆகவே ஆகாது. குளத்துக்கு யார் தலைவர் என்று வருஷா வருஷம் சண்டை.

ஆனாலும் ஒரு வழக்கத்தை இரண்டு கரையும் மதித்தன. குளத்தோரத்தில் தேங்காயளவு கல் ஒன்று கிடந்தது. தண்ணீர் இறங்கி அந்தக் கல் காய்ந்துவிட்டால், எல்லோரும் மலைக்கு அப்பாலுள்ள சுனைக்குக் கிளம்பிவிட வேண்டும். மூன்று நாள் நடை.

ஒருநாள் காலையில் கீழ்க்கரைக் கொக்கு பதறிக்கொண்டு வந்தது. "நான் தினமும் ஒரே இடத்தில்தான் நிற்கிறேன். முட்டி வரை இருந்த தண்ணீர் இப்போது விரல் நனையத்தான் இருக்கிறது. காலில் தெம்பு இருக்கும்போதே கிளம்புங்கள்" என்றது.

மேல்கரையில் ஒரு மான் குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கொக்கு சொன்னதைக் கேட்டதும் அது குட்டியை எழுப்பிக் கிளம்பப் பார்த்தது.

மேல்கரை நரி சிரித்தது. "கொக்கு எந்தக் கரை? நம்மை விரட்டிவிட்டுக் குளத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. சந்தேகமிருந்தால் கல்லைத் தொட்டுப் பாருங்கள்."

மான் போய்த் தொட்டது. கல் நனைந்திருந்தது. தொட்டதே தவிர, கல் எங்கே கிடக்கிறது என்று அது பார்க்கவில்லை. நம் கரை நரி பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டது.

கீழ்க்கரை விலங்குகள் அன்றே கிளம்பின. போகும்போதும் கொக்கு கூப்பிட்டுப் பார்த்தது. மேல்கரை கேலி பேசியது.

அடுத்த எட்டு நாளும் கல் ஈரமாகத்தான் இருந்தது. மானுக்கோ பால் வற்றிக்கொண்டே வந்தது. தாகம் என்று வாய்விட்டுச் சொல்லவும் அதற்குப் பயம். சொன்னால் கீழ்க்கரை ஆள் என்று பேர் வந்துவிடும்.

ஒன்பதாம் நாள் குட்டியின் கால் சேற்றில் புதைந்தது. இழுத்துவிடக் குனிந்த மான் அப்போதுதான் சேற்றை உற்றுப் பார்த்தது. பழைய கரையிலிருந்து குளத்தின் நடுப்பகுதி வரை, கல்லை உருட்டிக்கொண்டு போன தடம் தெரிந்தது. கூடவே நரியின் காலடிகள். வழியெல்லாம் மீன் முள். மேல்கரை தங்கிக் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வேகமாகக் குறைந்தது; சேற்றில் சிக்கிய மீன்களெல்லாம் நரிக்குத்தான் விருந்து.

மீன் தீர்ந்ததும் அந்தக் காலடிகள் மலைப்பக்கம் போயிருந்தன.

"அம்மா, நாமும் போகலாமா?"

"போகலாம். எழுந்திரு."

குட்டி நான்கடி நடந்து படுத்துவிட்டது. மான் மலையைப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து, குட்டிமேல் வெயில் படாதபடி நின்றுகொண்டது.

நீதி: சொல்பவர் எந்தக் கரை என்று பார்க்கும் முன், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்.