செத்த தேதி கட்டாயம்

வெட்டுவான்குளத்துக்குச் சாலை பிரியும் விலக்கில், பஞ்சர் கடைக்கு மேலே மாடியில், மூன்று மென்பொருள் நிபுணர்கள் கடை போட்டிருந்தார்கள். நிபுணர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களே போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். மூவரில் மூத்தவன் சுடலைமணி. தங்கமான பையன், சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். அவனுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான். மற்ற இருவர் பூரணவல்லியும் பிரம்மநாயகமும். அவர்களும் அப்படியே.

ஒருநாள் கால்நடை மருத்துவர் ஆவுடையப்பன் தடித்த நோட்டு ஒன்றோடு மாடியேறி வந்தார். பக்கத்து ஊர் மாடுகளுக்குக் கோமாரி கண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை வெட்டுவான்குளத்தில் தடுப்பூசி முகாம். மாட்டுக்காரர்கள் செல்போனிலேயே பதிவு செய்ய ஒரு படிவம் வேண்டும்.

“எத்தனை மாடு உசுரோட இருக்குன்னு கணக்குப் போனாத்தான் மாவட்டத்துல இருந்து அத்தனை ஊசி வரும். நோட்டுல உள்ள கட்டம் ஒண்ணு விடக்கூடாது. ஒரு கட்டமும் காலியாக் கெடக்கக்கூடாது. புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது சார்,” என்றான் சுடலைமணி. காரியம் அங்கேயே கெட்டது.

இவர்கள் வேலை செய்வது பைத்தான் மொழியில், ஜாங்கோ என்கிற சட்டகத்தில். அதில் ஒரு வசதி உண்டு. மாட்டைப் பற்றி என்னென்ன விவரம் சேமிக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்வார்கள். அதற்கு மாடல் என்று பெயர். மாடலை எழுதிவிட்டால் படிவம் தானாக வந்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூவரும் மாடலை எழுதி முடித்து, மாடிக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் வரை படிவம் வரவில்லை.

“கீழ பஞ்சர் கடையில விசாரிப்போமா? வழி தெரியாம நிக்கோ என்னமோ,” என்றான் பிரம்மநாயகம்.

பூரணவல்லிதான் வகுப்பு நோட்டைப் புரட்டி, அடுத்த பக்கத்தில் இன்னும் நாலு வரி இருப்பதைக் கண்டுபிடித்தாள். மாடலில் உள்ள எந்தெந்தக் கட்டங்கள் படிவத்தில் வரவேண்டும் என்று அதில் ஒரு வரி கேட்டது. மூவரும் கதவைச் சாத்திவிட்டு ஆலோசனையில் இறங்கினார்கள்.

“எல்லாம்னு போடு,” என்றான் சுடலைமணி.

“டாக்டரோட ரகசியக் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே?” என்றாள் பூரணவல்லி.

“ஒண்ணு விடக்கூடாதுன்னாருல்லா.”

“செத்த தேதின்னு இன்னொண்ணு இருக்கு.”

“அதுவும் கட்டந்தானே. பாவம், அத மட்டும் ஏன் ஒதுக்கணும்?” என்றான் பிரம்மநாயகம், மனம் இளகி.

காலியாகக் கிடக்கக்கூடாது என்பதால் எல்லாக் கட்டங்களும் கட்டாயமாயின. வரப்போகிற சாவு யாருக்குத் தெரியும் என்று யோசித்த பூரணவல்லி, நேற்றோ அதற்கு முன்போ உள்ள தேதியைத்தான் ஏற்கவேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டாள். மற்ற இருவரும் அவள் மூளையை மெச்சிக்கொண்டார்கள்.

பிறகு சோதித்துப் பார்க்க வேண்டுமே! மாடியில் மாடு ஏது? பிரம்மநாயகம் தன்னையே மாடாக எண்ணிப் பதிந்தான். நிறம் கறுப்பு. கொம்பு இல்லை. கன்று இரண்டு. செத்த தேதிக்கு வந்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

“பொங்கல் கழிச்சு ஒரு தேதி போடுதேன். அதுவரைக்கும் இருந்துட்டுப் போறேனே,” என்று கெஞ்சினான். படிவம் சம்மதிக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய தேதியைப் போட்டான். ‘வெற்றிகரமாகப் பதிவாகிவிட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அவன் எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டான்.

“எங்கல போற?”

“நேத்துச் செத்தவன் இன்னைக்கு வேலை பாக்குறது முறையில்லைல்லா.”

மற்ற இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது. அரைநாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் சுடலைமணியின் அக்கா இசக்கியம்மாள் போன் செய்தாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு செவலைப் பசு. அதன் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

“ஏலே மணி, செவலை என் கண்ணு முன்னால புல்லு தின்னுட்டு நிக்கி. அவ செத்த தேதியக் கேக்குதியே, நீ வெளங்குவியால?”

“எல்லாரும் போடுதாங்கக்கா. நேத்துன்னு போட்டுரு.”

“நேத்து சாயங்காலம் ரெண்டு லிட்டர் கறந்தாளே!”

“அப்ப முந்தாநேத்துன்னு போடு.”

அக்காவுக்குக் குரல் உடைந்தது. “கோமாரி வந்து அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பிள்ளைகள வச்சுக்கிட்டு என்னல செய்வேன்? ஊசி கெடைச்சாப் போதும்,” என்று தேதியைப் போட்டுவிட்டாள். சுடலைமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

வியாழன் காலையில் டாக்டர் கணக்கைத் திறந்தார். பதிவு 144. செத்தவை 144. உயிரோடு இருப்பவை பூஜ்யம். ரகசியக் குறிப்பு என்ற கட்டத்தில், டாக்டர் பதினோரு மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று பதினேழு மாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கணக்கு தானாகவே மாவட்டத்துக்கும் போய், அங்கிருந்து பதிலும் வந்திருந்தது: ‘மிகவும் வருந்துகிறோம். இனி ஊசி தேவைப்படாது. புதைகுழிக்குப் பத்து மூட்டை சுண்ணாம்பு அனுப்புகிறோம்.’

டாக்டர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

“இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அத்தனையும் உசுரோட திரும்பி வரணும்! இல்லன்னா ஒரு மாட்டுக்கும் ஊசி கெடையாது. உங்க அக்கா மாட்டுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்!”

சுடலைமணி அவசரமாகப் படிவத்தைத் திறந்தான்.

“அந்தக் கட்டத்தையே எடுத்துட்டா என்ன?” என்று பூரணவல்லி மெதுவாகக் கேட்டாள்.

“கட்டம் ஒண்ணு விடக்கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாரு,” என்றான் பிரம்மநாயகம். “இன்னைக்கு உசுரோட திரும்பி வரணும்னுதான் கேக்காரு. எடுக்கச் சொல்லலையே.”

ஆகவே மாடலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: ‘மறுபடி உயிர் வந்த தேதி’. அதுவும் கட்டாயம். மூவரும் வீடு வீடாகப் போன் போட்டுச் சொல்ல, மத்தியானத்துக்குள் வெட்டுவான்குளத்தில் ஒன்று விடாமல் எல்லாம் உயிர் பெற்று எழுந்தன. மாவட்டத்துக் கம்ப்யூட்டருக்குத் தேவை ஒரு எண். 144 என்று கண்டது, ஊசியை அனுப்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை முகாமில் செவலைக்கு ஊசி போட்டாயிற்று. இசக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். சுடலைமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மற்ற மாடுகளும் வரிசையாக முடிந்தன. டாக்டர் கையில் ஒரு ஊசி மிஞ்சி நின்றது.

“நூத்தி நாப்பத்தி நாலுல இது ஒண்ணுதான் பாக்கி,” என்று பட்டியலைப் பார்த்துக் கூவினார். “நெறம் கறுப்பு. கொம்பு இல்ல. கன்னு ரெண்டு. யாரு மாடுய்யா இது? கொண்டாங்க!”

பிரம்மநாயகம் சட்டைக் கையைச் சுருட்டியபடி வந்து செவலைக்குப் பக்கத்தில் நின்றான்.

“அக்கா, என்னையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கோங்க,” என்றான். “எனக்கு ஊசின்னா பயம். உதைச்சாலும் உதைச்சிருவேன்.”