அசனப் பந்தியில் நீண்ட கை

வேதக்கோயில் அசனம் என்றால் ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியூர்ப் பிரசங்கியார் தியோடருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்த மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டார்.

“குடியை விட்டுவிட்டாயாமே, எப்படி விட்டாய்?”

“கர்த்தர்கிட்ட கை நீட்டிக் கேட்டேன் ஐயா. விட வச்சார்.”

“நீட்டினாயா! மனுஷன் அடியோடு கெட்டவன். கிருபைக்குக் கை நீட்டக்கூட அவனால் ஆகாது. நீட்டினேன் என்பது பெருமை. பந்தியை விட்டு எழுந்திரு!”

மாசிலாமணி தலைகுனிந்து எழுந்தான். பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி யோவன்னாளுக்குச் சுருக்கென்றது. பிரசங்கியார் இலையில் சோற்றைக் குவித்துச் சாம்பாரை ஊற்றினாள். அவர் கை வைக்கப் போனார்.

“கையை நீட்டாதீங்க ஐயா, பெருமையாயிரும்! சோறு தானா வாய்க்கு வரட்டும்.”

பந்தி மொத்தமும் அவரையே பார்த்தது. சாம்பார் மணம் மூக்கைத் துளைத்தது. அவர் வயிறு நாலு இலை தள்ளிக் கேட்கும்படி உறுமியது. கடைசியில் மெல்லப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“கை நீட்டிட்டீங்க. அதனால இது நீங்க ஆக்கின சோறுன்னு ஆயிருமா ஐயா?”

பந்தி கொல்லென்று சிரித்தது. பிரசங்கியார் வாயில் சோற்றோடு தலையை ஆட்டினார்.

“ஆகாதும்மா. உட்காருப்பா, மாசிலாமணி.”

அவன் அப்பாடா என்று உட்கார்ந்தான். அவன் இலையில் சோறு விழுவதற்குள், “இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்று பிரசங்கியாரே கையை நீட்டினார்.