தூங்கி எழுந்த சர்வர்

“முதல் சர்வர் என்கூடப் பேச மாட்டேங்குது, டீச்சர்,” என்றார் தணிகாசலம். “உயிரோடதான் இருக்கு. விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது. எத்தனை தடவை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது.”

“என்ன கேட்டீங்க, அண்ணே?” என்றாள் பெனடிக்டா.

“படத்தைக் கொடுன்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“காத்திருக்கேன், காத்திருக்கேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு.”

“பேசுதே.”

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம்தான் அவளிடம் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வந்தார். முதல் நாள் கேலியாகத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். கேலி எப்போதோ உதிர்ந்துபோய் டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

சர்வர்கள் மூன்று. ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேன் படத்துக்கும் மூன்றிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மெமரி மாற்றும் நாள். தணிகாசலம் முதல் சர்வரை அணைத்தார், மாற்றினார், போட்டார். விளக்கு எரிந்தது. எலக்ட்ரிக்கல்காரருக்கு விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது. உடனே இரண்டாவதை அணைத்தார்.

முதலாவதோ, தான் அணைந்திருந்த நேரத்தில் வந்த படங்களையெல்லாம் அப்போதுதான் மூன்றாவதிடம் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தது. அதற்கும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொடுத்து, தனியாகத் திணறிய மூன்றாவது பத்தே நிமிஷத்தில் படுத்துவிட்டது. அதன் டிஸ்க் போய்விட்டது.

முதலாவது அணைந்திருந்த அந்த நேரத்தில்தான், காலை எட்டு மணிக்கு, பிறந்து பதினோரு நாளே ஆன ஒரு பெண் குழந்தையை மயக்கி இதயத்தை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படத்தை அனுப்பியதும் ஸ்கேன் மெஷின் தன் பிரதியை அழித்துவிடும். ஒரு மணிக்கு ஆபரேஷன். இன்னொரு தடவை மயக்கினால் அந்தச் சின்ன உடம்பு தாங்குமா என்று டாக்டருக்கே பயம்.

“ஒரு வழி இருக்கு, டீச்சர். மத்த ரெண்டும் செத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா, முதலாவது காத்திருக்காம திறந்துரும். டைப் பண்ணியே வச்சிருக்கேன். என்டர் தட்டுறதுதான் பாக்கி.”

அவள் திரையைப் பார்த்தாள். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

“நேத்து மத்தியானம் தூங்கினீங்களா, அண்ணே?”

“இப்ப எதுக்கு அது? தூங்கினேன். ரெண்டு மணி நேரம்.”

“அந்த ரெண்டு மணி நேரத்துல உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க?”

“யாரும் வரல.”

“தூங்கிட்டு இருந்தீங்களே.”

“வந்திருந்தா என் வீட்டுக்காரி சொல்லியிருப்பா.”

“அவங்க செத்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டா?”

“டீச்சர்!” என்று பதறினார்.



அவர் திரும்பி, அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

“மூணாவதுக்கு டிஸ்க் போச்சு, சரி. ரெண்டாவதுக்கு என்ன?”

“அது எந்திரிக்கவே மாட்டேங்குது. நானும் எழுப்பி எழுப்பிப் பார்த்துட்டேன்.”

“எத்தனை தடவை?”

“நாலு.”

“ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“அஞ்சு நிமிஷம். சில நேரம் ஆறு. எந்திரிக்கலைன்னு மறுபடி அணைச்சுப் போட்டேன்.”

இரண்டாவதன் திரையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. அணையும்முன் எழுதிவைத்த குறிப்புகளை போடும் ஒவ்வொரு தடவையும் அது மறுபடி முதல் வரியிலிருந்து சரிபார்த்துக்கொண்டு வரும். நூற்றுக்கு இருபத்தொன்பது.

“போன தடவை எதுல நின்னுச்சு?”

“முப்பத்தொண்ணுல.” சொல்லிவிட்டு அவரே விழித்தார். “அதுக்கு முந்தி முப்பது.”

எண் முப்பதானது. அவர் விரல் தானாகவே பட்டனை நோக்கிப் போனது.

“அண்ணே, கையைக் கட்டுங்க.”

“என்னது?”

“எங்க கான்வென்ட் ஸ்கூல் சிஸ்டர் சொல்லுவாங்க, கிளாஸ்ல. கையைக் கட்டு, வாயில விரல் வை. விரல் வேண்டாம், கையை மட்டும் கட்டுங்க.”

“ரெண்டு பேரன் எடுத்தவன் நான்.”

“அவங்க யாரும் இங்க இல்ல. கட்டுங்க.”

கட்டினார்.

முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து.

போன் அடித்தது. டாக்டர். பெனடிக்டா போனை அவர் காதில் வைத்தாள்.

“தணிகாசலம், பிறந்தன்னைக்கு எடுத்த படமாவது திறக்குமா? கையில என்ன இருக்கோ அதை வச்சு நான் உள்ள போயிடறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திறக்க வைக்கலாம், டாக்டர்,” என்றார். “அப்படித் திறந்தா, இன்னைக்குக் காலைப் படம் போனது போனதுதான். அப்படி ஒண்ணு எடுக்கவே இல்லைன்னு காட்டும்.”



“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியல, டாக்டர். தெரிஞ்சதும் சொல்றேன்.”

“சரி. குழந்தையோட அம்மாகிட்ட அப்படியே சொல்றேன்.”

அறுபது. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டிலேயே நான்கு நிமிஷம் நின்றது.

“டீச்சர்...”

“ம்.”

“ஒண்ணுமில்ல.”

எழுபத்து மூன்று.

பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது எழுந்தது. முதலாவது அதனிடம் கேட்டது, அது சொன்னது. மேலே மூன்றாவது மாடியில் டாக்டரின் திரையில் ஒரு நெல்லிக்காய் அளவு இதயம், அன்று காலை எட்டு மணிக்கு இருந்தபடியே திறந்தது.

“வந்துடுச்சு,” என்றார் டாக்டர் போனில். அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை.

பெனடிக்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “படம் போய்ச் சேர்ந்துடுச்சு. கையை அவுத்துக்கலாம், அண்ணே.”

தணிகாசலம் முதல் சர்வரின் திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

“அது இன்னும் கேட்டு முடிக்கல, டீச்சர்,” என்றார்.