வெள்ளைத் தாள் ஒட்டிய பக்கம்

வாசிப்பவரே, முழுவதும் படித்த பின்னரே தீர்ப்பைச் சொல்லுங்கள்.

திருப்பூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புத் தமிழாசிரியை யசோதை, துணைப்பாட நாவலை மாணவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைப்படி ஆளுக்கொரு பத்தியாக உரக்க வாசிக்கச் செய்வார். அவ்வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

அவ்வாண்டு பாடமாக அமைந்தது நூறாண்டுப் பழைமையான ஒரு கப்பல் நாவல். அதில் ஆப்பிரிக்க மாலுமி ஒருவனைக் கப்பல் தலைவன் இழிசொல்லால் அழைக்கிறான். மாலுமி அவனை நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிறான். வகுப்பில் மிக அழகாக வாசிப்பவள் கெசியா. தாய் அவ்வூர்க்காரி, தந்தை நைஜீரியாவிலிருந்து வந்த பனியன் வணிகர்.

புகார் எழும் என்று அஞ்சிய தலைமையாசிரியர் தணிகாசலம், எல்லாப் புத்தகங்களிலும் அந்த இழிசொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் செய்தார்.

"கிழிக்கலீங்களே டீச்சர், மூடித்தானே வெச்சிருக்கேன்" என்றார்.

மாணவர்கள் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைமையாசிரியரின் வேலையை எண்ணி வகுப்பே சிரித்தது. கெசியாவும் சிரித்தாள்.

மறுநாள் அந்தப் பத்தி கெசியாவின் முறைக்கு வந்தது. அவள் எழுந்தாள்.

"நீ இரு சாமி. சரண்ராஜ் படிக்கட்டும்" என்றார் யசோதை.

"என் முறைங்க மிஸ்."

"பரவால்ல, உக்காரு."

வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையிலிருந்து பிரசன்னா கேட்டான்: "ஒட்டுத்தாளுக்கு மட்டும் லீவுங்களா மிஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள். இம்முறை கெசியா சிரிக்கவில்லை. மாலைக்குள் 'ஒட்டுத்தாள்' அவளுடைய பெயராகிவிட்டது.

அடுத்த நாள் காலை அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்துக்கறேங்க மிஸ்."

யசோதை திடுக்கிட்டார். "உன் வாயால அதைப் படிக்க வெக்கக் கூடாதுன்னுதான் கண்ணு..."

"அதை ரோட்டுல நெறையக் கேட்டாச்சுங்க மிஸ். அதுக்கு அவன் திருப்பிக் கேக்கற கேள்வியைச் சத்தமாப் படிக்கணும்னு இருந்தேன்."

அந்தப் பத்தியில் அப்படியொரு கேள்வி இருப்பதை, ஆண்டுதோறும் இலக்கணம் பிசகாமல் பாடம் நடத்தும் யசோதை, அவளை உட்காரச் சொன்ன அந்த ஒரு நொடியில் நினைக்கவே இல்லை.

தாளை ஒட்டியவர் தணிகாசலம். பெயரைச் சூட்டியவன் பிரசன்னா. முறையைத் தாண்டியவர் யசோதை. இம்மூவருள் கெசியாவைத் தமிழ் வகுப்பிலிருந்து வெளியேற்றியவர் யார்?

விடை: யசோதை. தணிகாசலம் ஒட்டிய தாள் எல்லாருடைய புத்தகத்திலும் ஒன்றுபோல் இருந்தது. அதைக் கண்டு கெசியாவும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க முடிந்தது. பிரசன்னா செய்தது கொடுமைதான். ஆனால் யாரைச் சுட்ட வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தது, ஒருநாளும் மாறாத வரிசை அவளிடம் மட்டும் மாறியதே. மாலுமிக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தது அந்தப் பழைய நாவல். கெசியாவுக்கு வந்த வாய்ப்பை ஆசிரியை எடுத்துக்கொண்டார். அவர் எண்ணம் நல்லதே. கெசியா இப்போது பிரெஞ்சு படிக்கிறாள்.