கரடி சடைச்சிக்கு முடி கொட்டிய கதை

மூங்கில்பாறைக் காட்டில் சடைச்சி என்ற கரடி தன் குட்டி மொச்சையோடு வாழ்ந்து வந்தாள். அந்தக் காட்டிலேயே அடர்த்தியான முடி அவளுக்குத்தான். பெரிய தொப்பையும் அவளுக்குத்தான்.

பலாப்பழக் காலத்தில் நாளைக்கு ஆறு பழம். அதன்மேல் தேன். தேனுக்கு மேல் இலுப்பைப்பூ. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். கடைசியாக மரம் ஏறியபோது கிளை முறிந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி மேல் விழுந்தாள். அந்தப் பன்றி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

ஒரு நாள் மொச்சை பள்ளத்தில் விழுந்துவிட்டான். சடைச்சியால் இறங்கித் தூக்க முடியவில்லை. அந்த வழியாக வந்த யானை தும்பிக்கையை நீட்டித் தூக்கிக் கொடுத்தது. அன்றைக்கே அவள் குளத்தங்கரைக்குப் போய் நாரை டாக்டரைப் பார்த்தாள்.

"சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாயா?" என்று டாக்டர் கேட்டார்.

"எத்தனையோ தடவை, டாக்டர்! இன்றைக்குக் குறைத்தால் நாளைக்கு இரண்டு மடங்கு பசிக்கிறது!"

"அப்படியானால் இரைப்பையைச் சின்னதாக்கிவிடலாம்."

நாரை டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, தன் கூர்மையான அலகால் அறுத்தார். தையல்சிட்டு தைத்தது. வேலை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "மூன்றாம் மாதம் முடி கொட்டும். பயப்படாதே, திரும்ப முளைக்கும். தினமும் நான் இரண்டு மீன் தருவேன். அதோடு ஒரு கை கரையான். அந்தச் சத்தை மட்டும் விட்டுவிடாதே!"

சடைச்சிக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. பாதிதான் காதில் விழுந்தது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தாள்.

உடம்பு கடகடவென்று இளைத்தது. சடைச்சிக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் மாதம் ஒரு காலை, மருதமரத்தில் முதுகைத் தேய்த்தாள். மரத்துக்குத் தாடி முளைத்தது!

மொச்சை எப்போதும் அம்மாவின் முதுகு முடியைப் பிடித்துக்கொண்டுதான் சவாரி செய்வான். அன்றைக்கும் தாவி ஏறினான். ஏறிய வேகத்தில் தொப்பென்று விழுந்தான். இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாக முடி.

"அம்மா! உன் முதுகு என் கையோடு வந்துவிட்டது!"

குரங்குகள் மரத்தில் உருண்டு சிரித்தன. "யாரது, ஊருக்குப் புதுசாக வந்த பன்றி?"

"எங்கள் ஆள் இல்லை!" என்று காட்டுப்பன்றி அவசரமாகச் சொன்னது.

சடைச்சி குகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். அங்கே மினுக்கன் என்ற கீரி வந்து சேர்ந்தான். டாக்டர் கொடுக்கும் மீன்கள் மேல் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"ஐயோ அக்கா! இது சூட்டு உடம்பு! மீன் சூடு. கரையான் அதைவிடச் சூடு. வெந்த தரையில் புல் நிற்குமா?"

"பிறகு எதைத்தான் தின்பது, தம்பி?"

"வெள்ளரிக்காய்! வெறும் வெள்ளரிக்காய்!"

"மீனை என்ன செய்ய?"

"கண்ட இடத்தில் போட்டால் பிள்ளையைச் சூடு தாக்கும், அக்கா. என் வளை வாசலில் வைத்துவிடுங்கள். ஆழமான இடத்தில் நானே புதைத்துவிடுகிறேன்!"

அந்த ஆழமான இடம் எதுவென்று சடைச்சி கேட்கவில்லை. அன்று முதல் தினமும் மீனைக் கொண்டுபோய் வைத்தாள்.

முடி இன்னும் வேகமாகக் கொட்டியது. எழுந்தால் தலை சுற்றியது. மொச்சை அவள் காதுகளைப் பிடித்துச் சவாரி செய்தான். காது இரண்டும் கன்றிப் போயின. வேறு வழி தெரியாமல், வேலமரத்துப் பிசினைத் தடவி முதுகெல்லாம் புல்லை ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள். பின்னால் யாரோ இழுப்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், ஒரு மான் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது!

சடைச்சி அழுதுகொண்டே டாக்டரிடம் போனாள். "என் வயிற்றைத் திரும்பப் பெரிதாக்கிவிடுங்கள், டாக்டர்! தொப்பை இருந்தாலும் பரவாயில்லை!"

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நான் தரும் மீனைத் தின்கிறாயா?"

"மீன் சூடாமே! மினுக்கன் புதைக்கிறான்."

திறந்த அலகை மூடவே டாக்டருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. இருவரும் கீரி வளைக்குப் போனார்கள். மினுக்கன் வாசலில் மல்லாந்து கிடந்தான். வயிறு பூசணிக்காய் மாதிரி. உடம்பு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது.

"மீன் சூடென்றால் உனக்கு ஏனடா முடி கொட்டவில்லை?" என்று டாக்டர் கேட்டார்.

"என்... என்னுடையது குளிர்ச்சி உடம்பு, டாக்டர்!" என்று கத்திக்கொண்டே மினுக்கன் வளைக்குள் பாய்ந்தான். தலை போனது. வயிறு போகவில்லை. வால் மட்டும் வெளியே துடித்தது. முடி கொட்டத் தொடங்கிய பிறகு முதல்முறையாகச் சடைச்சி வாய்விட்டுச் சிரித்தாள்.

"உன் முடிக்கு வேர் அப்படியேதான் இருக்கிறது," என்றார் டாக்டர். "அறுத்ததிலும் இளைத்ததிலும் உடம்பு களைத்திருக்கிறது. அதனால் முடி ஓய்வெடுக்கிறது. நீ பட்டினி போட்டால் ஓய்வு நீளும்!"

"அதுவரை என் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்?"

"அதற்கு என்னிடம் மருந்து இல்லையம்மா."

சடைச்சி யோசித்தாள். ஒரு கெட்டியான சீந்தில் கொடியை அறுத்துத் தன் மார்போடு சுற்றிக் கட்டினாள். "இதைப் பிடித்துக்கொள்!" என்று மொச்சையை முதுகில் ஏற்றினாள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, நடந்தாள்.

"மொட்டைக் கரடி! மொட்டைக் கரடி!" என்றன குரங்குகள்.

"ஆமாம், மொட்டைதான். முளைக்கும். வழி விடுங்கள், எனக்குச் சாப்பாட்டு நேரம்!"

சில நாளில் தலைசுற்றல் நின்றது. ஒரு நாள் அவள் கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தபோது செந்நாய்கள் நாலாபக்கமும் சூழ்ந்தன. சடைச்சி யோசிக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வேங்கை மரத்தைத் தாவிப் பிடித்து விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினாள். கொடியை இறுகப் பிடித்த மொச்சை அசையவே இல்லை. கீழே செந்நாய்கள் குதித்துக் குதித்து அலுத்துப் போய்த் திரும்பின.

"அம்மா, நீ மரம் ஏறிவிட்டாய்!" என்றான் மொச்சை.

அப்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. தன் மெலிந்த கைகளையும் முடியில்லாத முழங்கையையும் பார்த்தாள். "நல்ல கைகள்தான்," என்றாள். பக்கத்துக் கிளையில் இருந்த குரங்கு நகர்ந்து இடம் கொடுத்தது.

சடைச்சி ஒரு நாளும் தவறாமல் மீனும் கரையானும் தின்றாள். சில மாதம் கழித்து, அவள் கழுத்தில் முகத்தைத் தேய்த்த மொச்சை, "அம்மா, குத்துகிறது!" என்று கத்தினான். கறுப்பாக, குட்டை குட்டையாக, முடி முளைத்திருந்தது.

உடம்பு தேறிவரும் நாளில் அழகு சற்றுக் குறைந்தால், பதறிப்போய்க் கண்டவர் பேச்சைக் கேட்காமல், வைத்தியம் தெரிந்தவர் சொன்னபடி தின்று பொறுத்திருக்க வேண்டும்.