ஒரு ஜாண் இறங்கிய படகு

தாராக்குளம் படகுச் சங்கத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்று ஊரில் பேச்சு. அதை அன்றைக்கு யார் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதுதான் ஒருநாளும் தெரியாது.

தலைவர் தளவாய். வயதில் மூத்தவர், அதனால் தலைவர். வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. படகு ஓட்டுகிறவன் சொரிமுத்து. எதைச் சொன்னாலும் சாட்சி கேட்கிறவன் ஐகோர்ட்துரை. கோர்ட்டுப் படி ஏறியவன் இல்லை, சாமி பேரை வைத்ததில் அப்படி அமைந்துவிட்டது. நாலாவது ஆள் பலவேசம். இது அவனுடைய கல்யாணக் கதை.

பலவேசம் கீழமடைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். பெண் பேர் செண்பகம். காபியை நீட்டிவிட்டு நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள். அவ்வளவுதான், பலவேசத்துக்குத் தன் பேரே மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வெயிலுமுத்து, "மாப்பிளைக்கு என்ன சோலி?" என்று கேட்டார். படகு ஏற வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிற வேலை என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "படகுக்குப் பின்னால வார அலையில, பலகை மேல, கயித்தப் பிடிக்காம நின்னு போவேன்" என்று சொல்லிவிட்டான். செல்போனில் யாரோ ஒருத்தன் அப்படிப் போவதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு.

வெயிலுமுத்து நல்ல மனிதர். ஆனால் தன் கண் பார்க்காத எதையும் நம்பமாட்டார். "ஞாயித்துக்கிழமை குளத்துக்கு வாரேன். நீரு நிக்கதை இந்தக் கண்ணு பாத்துட்டா அன்னைக்கே தாம்பூலம் மாத்திருவோம். இல்லேன்னா பிள்ளைக்கு வேற இடம் வந்திருக்கு" என்றார். கதவுப்பக்கம் நின்ற செண்பகம், "விழுந்துராதீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பலவேசம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

சங்கத்தின் படகு ஜெட் படகு. அடியில் சுற்றுகிற இறக்கை எதுவும் கிடையாது. வயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீச்சிக்கொண்டு ஓடும். மூடிப்போன ஒரு சொகுசு விடுதியிலிருந்து வாங்கி வந்தது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கிளப்புகிற அலையில் ஒரு தாராக்குஞ்சுகூட ஆடாது.

தளவாய் தூத்துக்குடி மெக்கானிக் ரொசாரியோவுக்குப் போன் போட்டார். "படகு லேசா இருக்கு அண்ணாச்சி, அதான் அலை எழும்பல. பாரம் கூட்டணும்" என்றார் ரொசாரியோ. படகில் ஏற்கனவே இருந்த பாரத்தொட்டி ஒரு அண்டா அளவுதான். அதற்குப் பதிலாக ரெண்டு பெரிய ரப்பர்ப் பைகளையும் ஒரு பம்பையும் பார்சலில் அனுப்பிவிட்டு, போனிலேயே பாடம் நடத்தினார். பையில் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றணும். படகு ஒரு ஜாண் கீழே இறங்கணும், கோடு போட்டு வைத்துச் சரிபார்க்கணும். பின்னால் வருகிறவன் அலை பிடித்ததும் கயிற்றை விட்டுவிடணும். அப்புறம் அலை அடங்குகிற வரைக்கும் பலகையை விட்டு இறங்கவே கூடாது.

நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். "கேக்குதா? கேக்குதா?" என்று போனில் ரொசாரியோ கத்தக் கத்த, இன்னும் பலமாக ஆட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பம். ஆனி மாதம், குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். சொரிமுத்து உள்ளே இறங்கி, ஒரு பையை முங்க வைத்து வாய் வரைக்கும் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே தூக்கிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அண்ணாச்சி, இதுல பாரமே இல்ல. ஒத்தக் கையால தூக்குதேன், பாரும்."

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரும் ஒற்றைக் கையால் தூக்கினார். பிறகு ஒற்றை விரலால் தூக்கினார்.

"இதுக்கு நான் சாட்சி" என்றான் ஐகோர்ட்துரை. "கிணத்துல எறைக்கும்போது பாத்திருக்கேன். வாளி தண்ணிக்குள்ள கெடக்கவரைக்கும் கனக்காது. வெளிய வந்தாத்தான் கனக்கும். ஏன்? தண்ணி தண்ணிக்குப் பாரமா இருக்காது. சொந்தக்காரங்கள்லா."

"எங்க வீட்டுல அப்படி இல்லையே" என்றான் சொரிமுத்து. அவன் மச்சான் குடும்பத்தோடு வந்து தங்கி வருஷமாகிறது.

"சரி, அப்பம் வேத்துத் தண்ணிதான் வேணும்" என்று தளவாய் தீர்ப்புச் சொன்னார்.

வேற்றுத் தண்ணீர் டிராக்டர் டேங்கரில் வந்தது. கரையில் வைத்துப் பையை நிரப்பினார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளியும் பை அசையவில்லை. "பாரம்னா இதுல்லா பாரம்!" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கடப்பாரையால் நெம்பிக் குளத்துக்குள் உருட்டினார்கள். சொரிமுத்து தூக்கிப் பார்த்தான். ஒற்றைக் கைக்கு வந்துவிட்டது.

தளவாய் தானும் ஒருதரம் தூக்கிப் பார்த்தார்.

"ஏல, இதுவும் நம்ம குளத்தோட சேந்துக்கிட்டு" என்றார் தளவாய் வருத்தமாக. "எடுத்துக் கரையில வச்சிருந்தா ஒழுங்கா இருந்திருக்கும். வந்த எடத்துல கெட்டுப்போச்சு."

அந்தப் பேச்சில்தான் வழி பிறந்தது. மிச்சமிருந்த பையைக் கரையிலேயே நிரப்பி, கரையிலேயே வைத்து, நீளக் கயிற்றால் படகோடு கட்டிவிட்டார்கள். பாரம் கெடாமலும் இருக்கும், படகுக்கும் இருக்கும். காவலுக்குத் தளவாய் குடையை விரித்துக்கொண்டு பைமேல் உட்கார்ந்தார். சொரிமுத்து படகை முறுக்கினான். கயிறு விறைத்தது. பை வழுக்கிக்கொண்டு குளத்தில் விழுந்தது, தளவாயும் குடையுமாக.

விழுந்த பை படகுக்குப் பின்னால் மிதந்து வந்தது. தளவாய் அதன்மேல் சம்மணம் கலையாமல் குளத்தை முழுச் சுற்று சுற்றினார். கரையில் ஐகோர்ட்துரை கை தட்டினான். பலவேசத்துக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க மாமா நிக்கதைத்தான பாக்கணும்னாரு? இவரு உக்காந்துல்லா போறாரு!"

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வேற இடம் வந்திருக்கு என்ற பேச்சையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு விடிந்தது. "பாரம் கெடக்கட்டும். ஒரு ஜாண் இறங்கணும், அதுல்லா முக்கியம்?" என்று தளவாய் ஆறுதல் சொன்னார். படகிலேயே கோடு போடலாம் என்று பெயின்ட் டப்பாவைத் திறந்தான் பலவேசம். புதுசாக வண்ணம் அடித்த படகைக் கெடுக்கவேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். ஆகவே, படகின் விளிம்புக்கு நேராக, படித்துறைத் தூணில் ஒரு கோடு போட்டார்கள். அதிலிருந்து ஒரு ஜாண் கீழே இன்னொரு கோடு. விளிம்பு மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கவேண்டும்.

நாலு பேரும் படகில் ஏறினார்கள். படகு கொஞ்சம் இறங்கியது. சரிபார்க்க நாலு பேரும் இறங்கினார்கள். படகு ஏறிக்கொண்டது.

"நம்மளக் கண்டா மட்டும் இறங்குது" என்றான் சொரிமுத்து.

ஐகோர்ட்துரை தூணைச் சுற்றி வந்தான். "படகை மேல பிடிச்சு வச்சிருக்கது யாரு?"

"தண்ணி."

"அப்பம் குத்தவாளி தண்ணிதான். தண்ணிய இறக்கினா படகு தன்னால இறங்கும்."

இப்படி ஒரு யோசனை உதித்த மகிழ்ச்சியில் தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. குளத்து மடைச் சாவி அவரிடம்தான் இருந்தது. கீழமடைக்காரர்கள் வயலுக்குத் தண்ணீர் கேட்டு மாசக்கணக்கில் நடந்தும், "தண்ணி போனா படகு எங்க ஓடும்?" என்று இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தார். இப்போது அவரே ஓடிப்போய் மடையைத் திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் சீறிக்கொண்டு போயிற்று.

படகு அழகாக இறங்கியது. விளிம்பு கீழ்க் கோட்டைத் தொட்டதும் நாலு பேரும் ஆரவாரம் செய்தார்கள். படகைக் கிளப்பிப் பார்த்தார்கள். அலை இல்லை. தளவாய் போன் போட்டார்.

"ஒரு ஜாண் இறங்கிட்டு தம்பி. ஆனா அலை வரல."

"வரலையா? அப்பம் இன்னும் ரெண்டு ஜாண் இறக்கிப் பாருங்க."

மடையை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். ஒரு வேலையைச் செய்தால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவர்களிடம் கிடையாது. உச்சி வெயிலுக்கு மறுபடி போன் போட்டார்கள்.

"இப்பம் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அசைய மாட்டேங்கு தம்பி. நாலு பேரு தள்ளியும் இம்மி நகரல."

"ஐயையோ, பாரம் கூடிப்போச்சு! ஒடனே தண்ணிய வெளிய விடுங்க!"

"அது காலையிலேயே விட்டாச்சே."

"எம்புட்டு விட்டீக?"

"பூராவும்."

"பூராவும் விட்டும் படகு எந்திரிக்கலையா?"

"இல்லையே."

ரொசாரியோ நீண்ட நேரம் யோசித்தார். "அப்பம் அது எஞ்சின் கோளாறு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சேற்றில் உட்கார்ந்த படகுக்குப் பின்னால், பலகையை அணைத்துக்கொண்டு, படகில் கட்டிய கயிறோடு நின்றான் பலவேசம். மாமா வருகிற நேரம். சுற்றிலும் சேறும் துள்ளுகிற கெண்டையும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மடைப்பக்கம் பார்த்தான். கடைசித் தண்ணீர் அங்கே குதித்துக்கொண்டு போனது, ஒரு ஆள் உயரத்துக்கு நுரை தள்ளிக்கொண்டு.

"ஏல, அலை பூராவும் அங்கல்லா போகுது!"

ஓடினான். பலகையை வாய்க்காலில் போட்டு ஏறி நின்றான். தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிற்று. கையிலிருந்த கயிறு விறைத்தபோது அலை பிடித்துவிட்டது என்று தெரிந்தது. சொன்னபடி கயிற்றை விட்டான். அப்புறம் நடந்ததை அவனாலேயே நம்பமுடியவில்லை. விழவில்லை. வாழைத்தோப்பு போயிற்று, பம்புசெட்டு போயிற்று, குளித்துக்கொண்டிருந்த எருமைகள் ஒதுங்கி வழிவிட்டன. பலவேசம் கையை விரித்துக்கொண்டு நின்றான். இப்படி ஒரு சந்தோஷம் அவன் பிறந்ததிலிருந்து பட்டதில்லை.

வெயிலுமுத்தும் செண்பகமும் தாம்பூலத் தட்டோடு கிளம்பி, தங்கள் வயல் வரப்பு வரைக்கும் வந்திருந்தார்கள். வெடித்துக் கிடந்த வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்து வெயிலுமுத்து அங்கேயே நின்றுவிட்டார். கண்ணைக் கசக்கி மறுபடி பார்த்தார். அப்போது வாய்க்கால் வளைவில் மாப்பிள்ளை வந்தார், நின்ற கோலத்தில். வாய்க்கால் கரை உடைப்பு வழியாக வயலுக்குள் நுழைந்து, நட்டநடுவில் வந்து சேர்ந்தார்.

"பாத்துட்டேன்!" என்று கத்தினார் வெயிலுமுத்து. "இந்தக் கண்ணு பாத்துட்டு! மாப்பிள, இறங்கி வாரும், தாம்பூலம் மாத்துவோம்."

"இறங்கக் கூடாது மாமா. அலை அடங்கல."

உண்மைதான். வயலில் காற்றுக்குச் சின்னச் சின்னதாக அலை ஓடிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து விஷயத்தைப் புரிந்துகொண்டு தலையாட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு செண்பகமே வயலில் இறங்கி நடந்தாள். அவள் நடந்ததில் அலை இன்னும் கூடியது.

"ஆடாம நில்லு பிள்ள. நீ வந்தா அலை வருது."

"திரும்பிப் போனாலும் வருமே" என்றாள் செண்பகம்.

பலவேசம் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு புத்தியுள்ள பெண் தனக்கு அமைந்ததை நினைத்து அவனுக்கு மார்பு விம்மியது. "அப்பம் நீயும் ஏறிக்கோ" என்றான். அவள் பலகையில் ஏறி நின்றாள். தட்டை அவன் வாங்கிக்கொண்டான்.

அதற்குள் மற்ற மூன்று பேரும் பைகளும் பம்புமாக லோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். "தண்ணி இருந்தாத்தான அலை? எடுத்துட்டா அடங்கிரும்" என்றான் ஐகோர்ட்துரை. "எப்படியும் நம்ம குளத்துத் தண்ணிதான" என்றார் தளவாய். வயல் தண்ணீரை ரெண்டு பையிலும் நிரப்பி, கீழமடை இளவட்டங்களைக் கூட்டிப் பைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பம்பு இரைத்ததிலும் இளவட்டங்கள் நடந்ததிலும் அலை வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பலவேசத்தின் கழுத்தில் பாலிதீன் உறைக்குள் தொங்கிய போன் அடித்தது. தளவாய்தான்.

"ஏல பலவேசம்! பை ரெண்டையும் படகுல ஏத்தியாச்சு. குளத்துக்குள்ள வச்சும் கனக்குதுல! சேத்துக்குள்ள சரியா ஒரு ஜாண் இறங்கிட்டு! சொரிமுத்து தயாரா உக்காந்திருக்கான். கிளப்பட்டுமா?"

பலவேசம் போனைக் கையால் பொத்திக்கொண்டு செண்பகத்தைப் பார்த்தான்.

"படகை எடுக்கப் போறாங்களாம். போவோமா?"

செண்பகம் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா எடுக்கச் சொல்லுங்க. அப்பா பயப்படுவாரு."