சட்டப் பலாவும் நாணல் சைக்கிளும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் காட்டெருமைக்குக் கோபம் வரும்.

ஒரு மலைக்காட்டில் கோடையில் வற்றாத சுனை ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பவர் குடும்பத்துக்கு அந்தக் கோடை முழுக்கச் சுனை சொந்தம். நாலு வருஷமாகக் காட்டெருமை செம்பன்தான் ஜெயித்தார். சருகுமான் சிறுமணியின் குட்டிகள் போன கோடையில் பனித்துளியை நக்கித்தான் உயிர் பிழைத்தன. இன்னொரு கோடை தாங்காது.

அதனால் சிறுமணி நாணலைப் பின்னி ஒரு சைக்கிள் செய்தாள். மிதித்தால் பறந்தது!

செம்பன் பார்த்தார். மறுநாளே சட்டம் வந்துவிட்டது. தராசின் ஒரு தட்டில் பலாப்பழம், மறுதட்டில் சைக்கிள். பழத்தைவிட எடை குறைந்த சைக்கிள் ஓடக்கூடாது!

"எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தாம்மா! லேசான வண்டி ஒடிஞ்சிரும்" என்றார் செம்பன். பாவம், கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவு அக்கறை!

எடை பார்க்கும் அதிகாரி கரடி மொந்தையன். பந்தயத்துக்கு முந்தின நாள் சோதனையில் நாணல் சைக்கிள் இருந்த தட்டு மேலேயே நின்றது.

"கல்லைக் கட்டிக்கோ" என்றது கரடி.

"கல்லைக் கட்டினா ஒடியாதா மாமா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும். எடை சரியாயிரும்ல!"

கட்டிப் பார்த்தாள். முதல் மேட்டிலேயே மூச்சு முட்டியது. சுனை போச்சு என்று திரும்பியவள் பழத்தைப் பார்த்தாள். வெடிக்கத் தயாராக இருந்தது. கரடியின் வாயைப் பார்த்தாள். எச்சில் ஒழுகியது. கல்லை அவிழ்த்துப் போட்டாள்.

பந்தயக் காலையில் பழம் வெடித்து, காடே மணத்தது.

"பெரியவங்க முதல்ல போங்க. நான் கடைசியா வர்றேன்" என்று சிறுமணி பணிவாக ஒதுங்கினாள். "மாமா, அது சட்டப் பழம். யாரும் தொடாம பாத்துக்கங்க!"

"என்கிட்டயே சொல்றியா?" என்று உறுமிய கரடி, செம்பன் வண்டியை எடை போட்டதும் ஒரு சுளை தின்றது. ஒரு சுளையில் என்ன குறைந்துவிடும்? பன்றி வண்டிக்கு இரண்டு. கடமான் வண்டிக்கு நாலு. அப்புறம் கணக்கே இல்லை. கடைசியில் சிறுமணி வந்தபோது தட்டில் நார்ச்சடையும் தோலும் கொட்டையும்தான்.

நாணல் சைக்கிள் 'டக்'கென்று கீழே இறங்கியது!

"சரியா இருக்கு!" என்று ஏப்பம் விட்டது கரடி.

பிறகென்ன? சிறுமணி ஜெயித்தாள். வண்டியில் ஒரு நாணல்கூட ஒடியவில்லை.

செம்பன் மூச்சிரைக்க வந்து கத்தினார்: "மறுபடி எடை போடு!"

"எதை வச்சு?" என்று வாயைத் துடைத்துக்கொண்டது கரடி.

சிறுமணி தட்டில் கிடந்த பலாக்கொட்டைகளைப் பொறுக்கிவந்து செம்பனின் காலடியில் வைத்தாள். "நட்டு வைங்க மாமா. நாளைக்கு நிறையச் சட்டம் காய்க்கும்!" என்று சொல்லிவிட்டு, குட்டிகளோடு சுனையில் இறங்கினாள்.

அடுத்தவர் காலைக் கட்டச் சட்டம் போடுகிறவன், அதற்குக் காவல் வைப்பவனின் வயிற்றையும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.